இறுக்காத மூடி

என் புருஷன் வாரிக்குக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டென்று எங்கள் நரூமா ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். எந்தப் பாட்டிலையும் ஒழுங்காக மூட மாட்டான். ஜாம், காபித்தூள், பீட்ரூட் ஊறுகாய் எல்லாவற்றிலும் மூடி சும்மா உட்கார்ந்திருக்கும். ஒருமுறை மூடியைப் பிடித்து பீட்ரூட் பாட்டிலைத் தூக்கினேன். மூடி கையில், பாட்டில் தரையில்.

"முப்பது வருஷமா சிப்பி வளர்க்கத் தெரியுது, ஒரு மூடியை மூடத் தெரியலையா மகராசா?"

"விடு கிளெனிஸ், அடுத்த தடவை பார்த்துக்கறேன்" என்று துடைப்பத்தை எடுத்தான். அடுத்த தடவையும் அப்படித்தான் இருந்தது.

கழிமுகத்தில் எங்கள் சிப்பிப் பண்ணை. அவன் இடுப்பளவு தண்ணீரில் நின்று சிப்பி வளரும் தட்டுகளைத் தூக்குவான், நான் அடி தட்டையான படகை ஓட்டுவேன். இருபத்தாறு வருஷமாக எஞ்சின் பக்கம் என் இடம். கை சரியில்லை என்று வாயைத் திறந்தால் என்னைக் கொட்டகையில் உட்கார்த்திவிட்டு வேறு ஆளை ஏற்றுவான். அதனால் விரல் நுனி மூட்டுகள் முடிச்சு முடிச்சாகப் புடைத்தபோதும், கட்டைவிரலின் அடியில் குத்து வலி வந்தபோதும் மூச்சு விடவில்லை. மருந்து வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கை மூட்டுகளுக்குச் சிகிச்சையும் பயிற்சியும் தரும் ஃபெர்னிடம் போனேன்.

"எலும்புக்கு நடுவுல இருக்கற குருத்தெலும்பு தேஞ்சுடுச்சு. அது திரும்ப வளராது" என்றாள் அந்தப் பெண். "ஆனா சமாளிக்கலாம். காலைல வெந்நீர்ல கையை வெச்சு விரலை மடக்கி நீட்டுங்க. கட்டைவிரலுக்கு இந்தப் பட்டையைப் போட்டுக்கோங்க. சின்னப் பொருளைக் கிள்ளிப் பிடிக்காதீங்க, பெரிய பிடியா மாத்திக்கோங்க. வீட்டுல பாட்டில் மூடி திறக்க முடியுதா?"

"எல்லா மூடியும் திறக்கறேன்." அது நிஜம்.

"அப்போ பிடி பரவாயில்லை. வேலைல ஏதாவது கஷ்டம்?"

"ஒண்ணும் இல்லை." அது பொய்.

பாட்டில் திறக்கிற கைக்குப் பட்டை எதற்கு? கார் பெட்டிக்குள் வீசிவிட்டேன்.

பொய் என்றது சிவப்புக் கயிற்றைப் பற்றி. ஒரு முனை எஞ்சினில், மறுமுனை ஓட்டுகிறவர் மணிக்கட்டில். ஓட்டுகிறவர் விழுந்தால் கயிறு இழுபட்டு எஞ்சின் நின்றுவிடும். மணிக்கட்டு முனையில் ஒரு சின்னக் கொக்கி. கிள்ளினால்தான் திறக்கும். குளிர் காலையில் எனக்குக் கிள்ள வரவில்லை. எஞ்சின் மேலேயே தொங்கவிட்டேன். எங்கள் கழிமுகத்தில் பாதிப் படகுகளில் அது அப்படித்தான் தொங்கும். நாளுக்கு நாற்பது தடவை ஏறி இறங்குகிறவர்கள் எத்தனை தடவை மாட்டிக் கழற்றுவார்கள்? வாரிக் மட்டும் விட மாட்டான்.

"கயிறு மாட்டினியா?" என்று தினமும் முன்பக்கத்திலிருந்து கத்துவான்.

"மாட்டிட்டேன்டா, தொணதொணக்காதே" என்று சட்டைக் கையை மணிக்கட்டுக்கு மேல் இழுத்துவிடுவேன்.

ஜூலை மாதம், எங்கள் பக்கம் கடுங்குளிர். ஒரு செவ்வாய்க்கிழமை. அவன் இறங்கி ஒரு தட்டைத் தூக்கிக்கொண்டிருந்தான். படகை அவன் பக்கம் கொண்டுபோனபோது அதன் ஒரு முனை பண்ணைக் கம்பத்தில் இடித்தது. எஞ்சின் பிடியை நான் விடவில்லை. கை தானாகத் திறந்துகொண்டது. தண்ணீரில் விழுந்தேன். நெஞ்சளவு ஆழம்தான், எழுந்து நின்றேன். எஞ்சின் நிற்கவில்லை. ஆளில்லாத படகு வட்டம் போட்டது. அவன் விலகி ஓடியிருக்கலாம். தண்ணீரைத் தள்ளிக்கொண்டு என்னை நோக்கி வந்தான், படுபாவி.

"அங்கேயே நில்லு கிளெனிஸ், இதோ வரேன்!"

படகு அவன் முதுகுப் பக்கமாக வந்தது. நான் கத்தினேன். அதற்கு மேல் சொல்ல என்னால் ஆகாது.

மணிக்கட்டில் ஏன் கயிறு இல்லை என்று விசாரணை அதிகாரி கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் வாரிக்கின் அக்கா நோலீன் முந்திக்கொண்டாள். "இந்தத் தண்ணில யாரு சார் மாட்டறா? இவளை மட்டும் கேட்டா எப்படி?" ஊரே தலையாட்டியது. நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

அடக்கம் முடிந்து நான்கு நாள் நோலீன் கூட இருந்து, சமையலறையைத் தேய்த்துக் கழுவி வைத்துவிட்டுப் போனாள். மறுநாள் காலை காபி போடப் போனேன். மூடி அசையவில்லை. ஜாமும் அப்படியே. பீட்ரூட் பாட்டிலை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கி, துணியைச் சுற்றித் திருகினேன். வலியில் கண்ணீர்தான் வந்தது. நோலீனுக்குப் போன் போட்டேன்.

"மூடியை எல்லாம் என்ன பண்ணின?"

"லொடலொடன்னு கிடந்துச்சு, இறுக்கி வெச்சேன். புது ஜாம் பாட்டிலைக்கூடத் திருகித் திறந்து திரும்ப மேல வெச்சிருக்கான் உன் புருஷன். நாலு பாட்டில், ஒண்ணுலயும் கரண்டி படலை. அவனுக்கென்ன கிறுக்கா?"

போனை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். எத்தனை வருஷமாக இப்படிச் செய்தான் என்று தெரியவில்லை. ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் கடித்துக் குதறியிருப்பேன் என்று அவனுக்குத் தெரியும். நானோ அந்த மூடிகளை நம்பித்தான் என் கையை நம்பினேன்.

காரிலிருந்து பட்டையை எடுத்துக் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு விசாரணை அதிகாரியைக் கூப்பிட்டேன்.

"ஊர் வழக்கம் எல்லாம் இல்லை சார். எனக்கு அந்தக் கொக்கியைக் கிள்ள முடியலை. அவன்கிட்ட மாட்டிட்டேன்னு பொய் சொன்னேன்."

"கை அவ்வளவு மோசம்னு வீட்டுல யாருக்காவது தெரியுமாம்மா?"

"ஒருத்தனுக்குத் தெரிஞ்சிருக்கு சார்" என்றேன்.