மேடா, பள்ளமா

எங்க அக்கா சோப்புப் பெட்டியவே சோப்புப் போட்டுக் கழுவுறவ. இத நான் சொல்லல, அவ வீட்டுக்காரரு, எங்க மாமா, வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் சொல்லிச் சிரிப்பாரு. அதனால, மாமாவோட அப்பா விட்டுட்டுப் போன தங்கக் காச யாரோ தேய்ச்சுக் கழுவியிருக்காங்கன்னு ஒரு கடைக்காரர் சொன்னப்ப, வீட்ல யாரும் 'யாரு'ன்னு கேக்கவே இல்ல. அத்தன பேரும் ஒரே நேரத்துல அக்காவத் திரும்பிப் பாத்தாங்க.

அந்தக் காசு மாமாவுக்கும் அவர் தம்பிக்கும் பொது. தம்பிய எல்லாரும் சின்னவர்னுதான் கூப்பிடுவோம். விக்கலாமான்னு விசாரிக்கத்தான் அவர் அத அந்தக் கடைக்கு எடுத்துட்டுப் போனாரு. பழைய காசு உலகத்துல ஒரு விசித்திரம் உண்டு. அழுக்கா இருந்தா மதிப்பு, பளபளன்னு தேய்ச்சுட்டா போச்சு. இது தெரியாம ஆசையா தேய்ச்சு எடுத்துட்டு வர்றவங்கள தினமும் பாக்குறேன், பாக்குறப்பல்லாம் எனக்கு எரிச்சலா வரும். எனக்கு அதுதான் வேல. ஒரு ஏலக் கம்பெனியில காசு பாத்துச் சொல்றவன் நான்.

அக்கா அன்னைக்கு அழல. இடுப்புல கை வச்சுக்கிட்டு நின்னா. "தட்டு டம்ளர் வேற, அது வேற. மாமனாரு தொடாதன்னு சொன்னாரு, நான் தொடல. அவ்வளவுதான்"னு சொன்னா. மாமா சும்மா இருந்திருக்கலாம். "விடுடா, தெரியாம பண்ணிட்டா"ன்னு தம்பிகிட்ட அவளுக்காக மன்னிப்புக் கேட்டாரு பாருங்க, அக்கா முகம் சுண்டிப் போச்சு. இத்தன வருஷம் அந்த வீட்டச் சுமந்தவ, அவ சொன்ன ஒரு வார்த்த அந்த வீட்ல நிக்கலன்னா எப்படி இருக்கும்?

கடைசியில சின்னவரே சொன்னாரு, "உங்க தம்பியே பாக்கட்டும் அண்ணி. அவர் சொன்னா நான் ஒத்துக்கறேன். அவர் அக்கா தங்கச்சின்னு பாக்குற ஆளு இல்ல."

அக்கா என்னைப் பாத்து, "பாருடா. நல்லா பாத்துச் சொல்லு"ன்னா. நான் சொன்னா எல்லாம் தீந்துடும்னு அவ்வளவு நம்பிக்க அவளுக்கு.

வெள்ளியா இருந்தா வேல சுலபம். அது கறுக்கும், தேய்ச்சா கறுப்பு போன இடம் பல்ல இளிச்சுக்கிட்டு நிக்கும். தங்கம் ஒரு கல்லுளிமங்கன், லேசுல வாயத் தொறக்காது. கீறலத்தான் பாக்கணும். அதுலயும் ஒரு சிக்கல் இருக்கு. காசு அடிக்கிற அச்ச அந்தக் காலத்துல பொடி போட்டுத் தேய்ச்சு வழவழப்பாக்குவாங்க. அச்சுல விழுந்த கீறல், காசுல மெல்லிசு மேடா வரும். அது பிறவியிலயே வந்த கோடு, குத்தமில்ல. பின்னாடி யாரோ பிரஷ்ஷோ துணியோ போட்டுத் தேய்ச்சா, அந்தக் கீறல் பள்ளமா இருக்கும். மேடுன்னா அக்கா தப்பிச்சா, பள்ளம்னா மாட்டிக்கிட்டா. விஷயம் அவ்வளவுதான்.

ஆபீஸ்ல எங்களுக்கு ஒரு வழக்கம் இருக்கு. ஒரு காச ரெண்டு பேர் தனித்தனியா பாத்து, ஒருத்தருக்கொருத்தர் பேசிக்காம முடிவு எழுதுவோம். இது வீட்டுக் காசு, யாருகிட்டயும் காட்டி மானத்த வாங்க வேணாம்னு நான் மட்டும் பாத்தேன். எல்லாரும் கிளம்பின பிறகு மைக்ராஸ்கோப்புக்கு அடியில வச்சேன். கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாத்தேன்னு வேணா சொல்லலாம், ஆனா அன்னைக்குக் கண்ணுக்கு முன்னாடி காசு இல்ல, கையில பாத்திரம் தேய்க்கிற பஞ்சோட அக்கா நிக்கிறா. மெல்லிசு மெல்லிசா, சீராக் கோடு. அத்தனையும் பள்ளம்.

எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல. பண்ணிட்டேன்னு சொல்லிருந்தா என்ன கொறஞ்சு போயிருப்பா? எதுக்கு இந்த வீம்பு? அங்க இருந்தே போனப் போட்டேன்.

"அக்கா, தேய்ச்ச காசுதான். சந்தேகமே இல்ல."

அந்தப் பக்கம் கொழாயில தண்ணி விழற சத்தம் மட்டும் கேட்டுச்சு. சண்டைக்கு வருவான்னு நெனச்சேன்.

"நல்லா பாத்தியா?"ன்னு கேட்டா.

"என் வேலையே அதான்க்கா."

"அப்படியா..." அப்புறம் ரொம்ப மெதுவா, "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். நான்தான் மறந்துட்டேன் போல"ன்னு போன வச்சுட்டா.

அத ஒரு தோத்துப் போனவ பேச்சா எடுத்துக்கிட்டு நான் வீட்டுக்குப் போய் நிம்மதியாத் தூங்கினேன்.

மறுநாள் காலையில ஒரு சாதாரணக் காச வச்சுப் பாக்குறேன், அதுல ஒரு சின்னப் புள்ளி இருக்கும், எனக்கு மனப்பாடம். மேடா இருக்க வேண்டிய புள்ளி குழியா இருக்கு. கண்ணத் தேய்ச்சுட்டுப் பாத்தேன். குழிதான். எனக்குப் பைத்தியம் புடிச்சுடுச்சான்னு ஒரு நிமிஷம் பயந்தே போயிட்டேன். அப்புறம்தான் மைக்ராஸ்கோப்புக்குப் பின்னாடி வளைஞ்சு நிக்கிற குட்டி லைட்டப் பாத்தேன். அது வலது பக்கம் நின்னுச்சு.

எங்க ரூம்ல லைட் எப்பவும் இடது பக்கம்தான். மேடோட எந்த ஓரத்துல வெளிச்சம் விழும், பள்ளத்தோட எந்த ஓரத்துல நெழல் விழும்னு எங்க கண்ணு அத வச்சே பழகிப் போச்சு. லைட்ட மாத்தி வச்சா மேடு பள்ளமாத் தெரியும், பள்ளம் மேடாத் தெரியும்.

"என் லைட்ட யாருய்யா நகத்தினது?"ன்னு கத்தினேன்.

பக்கத்து டேபிள்காரர் கைய உயர்த்தினாரு. இடது கைக்காரர், நாங்க அவர 'லெஃப்ட்டு'ன்னுதான் கூப்பிடுவோம். "நேத்து என் மெஷின் மக்கர் பண்ணுச்சு, உன் சீட்ல உக்காந்தேன். எனக்கு அந்தப் பக்கம்தான வசதி? அதுக்கு ஏன் இந்தக் குதி குதிக்கிற?"ன்னாரு.

ட்ராயர்ல இருந்து வீட்டுக் காச எடுத்து வச்சேன். லைட் இடது பக்கம், கோடு மேடு. வலது பக்கம், பள்ளம். திரும்ப இடது, மேடுன்னு நெனைக்கிறதுக்குள்ளயே சட்டுனு பள்ளமாகுது. இப்ப அக்காவக் காப்பாத்தணும்னு மேடாப் பாக்குறேனா, நேத்து அவமேல கோவத்துல பள்ளமாப் பாத்தேனா? என் கண்ணு மேலயே எனக்கு நம்பிக்க போயிடுச்சு.

லெஃப்ட்டுகிட்ட ஒண்ணும் சொல்லாம நீட்டினேன். அவர் கொஞ்ச நேரம் பாத்துட்டு, வழக்கப்படி துண்டுச் சீட்டுல எழுதி மடிச்சு வச்சாரு. நானும் எழுதறதுக்கு முன்னாடி, மேடு பள்ளத்த விட்டுட்டு, கோடு எழுத்த முட்டுற இடத்துக்குப் போனேன். முதல்லயே அங்கதான் போயிருக்கணும். துணியால தேய்ச்சா கீறல் எழுத்து மேலயும் ஏறி இறங்கும். இது எழுத்தோட காலடி வரைக்கும் வந்து அப்படியே நின்னுடுது, ஒண்ணுகூட மேல ஏறல. அந்த மூலையில பழைய அழுக்கு வேற குந்திக்கிட்டிருக்கு. பிரஷ் பட்டிருந்தா முதல்ல போறது அதுதான். சீட்டப் பிரிச்சேன். 'அச்சுக் கோடு. யாரும் தேய்க்கல'ன்னு எழுதியிருந்தாரு.

சாயங்காலம் அக்கா வீட்டுக்கு ஓடினேன். போன்ல சொல்லத் தைரியம் வரல. கதவத் தொறந்த மாமா, "வா மாப்ள, எல்லாம் சுமூகமா முடிஞ்சுது. அவளே ஒத்துக்கிட்டா. தம்பியும் பரவால்ல அண்ணின்னுட்டான்"னாரு.

"என்னத்த ஒத்துக்கிட்டா? அவ தேய்க்கவே இல்ல மாமா! நான்தான் தப்பாப் பாத்துட்டேன்!"

நான் சமையல்கட்டுக்குப் போனேன். அக்கா தொட்டிகிட்ட நின்னுக்கிட்டு, காஞ்சு போன டம்ளர ஒவ்வொண்ணா தொடச்சு அடுக்கிக்கிட்டிருந்தா.

"அக்கா, நீ தேய்க்கல. நீ சொன்னதுதான் சரி. லைட்டு மாறியிருந்துச்சு, நான் ஒரு முட்டாள், என்னை நாலு திட்டு"ன்னு மூச்சு விடாமச் சொன்னேன்.

அவ சிரிக்கல. "இல்லடா, தேய்ச்சேன்"னா.

"எதுக்குக்கா ஒத்துக்கிட்ட? யாராவது மெரட்டினாங்களா?"

"யாரும் மெரட்டல. நீ சொன்ன பிறகு படுத்து யோசிச்சுக்கிட்டே இருந்தேன். ஞாபகம் வந்துடுச்சு. இங்கதான் நின்னேன். குழந்தைங்களோட பழைய பல் பிரஷ், பச்ச கலரு. எழுத்து ஓரத்துல அழுக்கு இருந்துச்சு, அதத்தான் தேய்ச்சேன். தண்ணி சில்லுன்னு இருந்துச்சுடா."

"அந்த அழுக்கு இன்னும் அங்கயே இருக்குக்கா."

காச சட்டப் பையில இருந்து எடுத்து, லென்ஸோட அவ முன்னாடி வச்சேன். அவ ஜன்னல்கிட்ட போய் வெளிச்சத்துல சாய்ச்சு, நான் சொன்ன எழுத்துக் காலடியப் பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா. பின்னாடி மாமா தம்பிக்குப் போனப் போட்டு, "அவ தேய்க்கலையாம்டா, நாமதான் அநியாயமாப் பேசிட்டோம்"னு சந்தோஷமாக் கத்திக்கிட்டிருந்தாரு.

"ஆமா, அழுக்கு இருக்கு"ன்னா அக்கா. காசையும் லென்ஸையும் என்கிட்ட திருப்பிக் குடுத்தா. "அப்ப எனக்கு ஏன்டா தேய்ச்ச மாதிரி இருக்கு? பச்ச பிரஷ் இப்பவும் கண்ணு முன்னாடி நிக்குதே?"

"நான் சொன்னதுனாலதான்க்கா. வேற ஒண்ணும் இல்ல. மறந்துடு."

"நேத்து தேய்ச்சதுன்ன, நம்பினேன். இன்னைக்கு தேய்க்கலன்ற, இதையும் நம்புறேன். யாரும் சொல்லாம எனக்கா என்ன தெரியும்னு எனக்கே தெரியலடா."

நான் காச வழக்கமா வைக்கிற பீரோவுல வைக்கச் சொல்லி நீட்டினேன். அவ ரெண்டு கையையும் புடவத் தலப்புல துடைச்சா. துடைச்ச கைய முன்னாடி கொண்டு வரவே இல்ல.

"என் கையில குடுக்காத. உன்கிட்டயே இருக்கட்டும்"னா.