சம்பந்தி காதுக்கு ஒரு கிரானோலா

ஓட்ஸில் தேன் ஊற்றி மேஸ்திரி சுடும் கிரானோலாக் கட்டியைக் கடித்தால் ஒன்பது வீடு தள்ளித் தூங்குகிற குழந்தை விழித்துக்கொள்ளும்; காது மிஷினைக் கழற்றி டப்பாவில் போட்டு மூடிவிட்டு உட்கார்ந்திருக்கிற மனிதருக்கும் அந்தச் சத்தம் கேட்கும். இப்படியொரு வாக்கை, ஒரு சனிக்கிழமை காலைச் சாப்பாட்டு மேசையில், மகன், மருமகள், சம்பந்தி மூவரையும் சாட்சி வைத்துக்கொண்டு மேஸ்திரி வாய் கூசாமல் சொன்னார். ஒன்பதாம் வீட்டுக் குழந்தையைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. காது மிஷின் சம்பந்தியுடையது. வினை அங்கேதான் பிடித்தது.

சம்பந்தி, மருமகளின் அப்பா, ஓய்வுபெற்ற பல் டாக்டர். நாற்பது வருஷம் ஊரார் வாய்க்குள் டிரில் ஓட்டியதில் அவர் காது போயிற்று. பல் மட்டும் முப்பத்திரண்டும் சொந்தம். தன் வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்று இரண்டு வாரத்துக்கு வந்தவர், எட்டு மாதமாக இருக்கிறார். வந்த அன்றே மேஸ்திரி, "அரை நாள் வேலை சம்பந்தி, நானே பூசித் தரேன்" என்றார். "நீங்க கை வச்சீங்கன்னா ஒழுகாத இடமும் ஒழுகும்" என்றார் டாக்டர். நூற்றுப் பதினேழு வீடு கட்டிய மனிதரிடம் சொல்கிற வார்த்தையா அது? நூற்றுப் பதினேழு என்பது மேஸ்திரியின் கணக்கு. குளியலறைகளையும் அவர் வீடு என்றே எண்ணுவார்.

அன்று தொடங்கியது பகை. பாம்பும் கீரியும்கூட இத்தனை மரியாதையாகச் சண்டை போட்டதில்லை. "வாங்க", "போங்க", "சம்பந்தி" என்று தேன் தடவித்தான் குத்துவார்கள். டாக்டரிடம் ஒரு பிரம்மாஸ்திரமும் இருந்தது. மேஸ்திரி வாயைத் திறந்ததும் காது மிஷினைக் கழற்றி, நீல டப்பாவில் வைத்து, 'டக்' என்று மூடுவார். அந்த 'டக்' கன்னத்தில் விழுகிற அறையைவிட மோசம் என்பது மேஸ்திரியின் அனுபவம்.

மூட்டு தேய்ந்து சாரத்தில் ஏறக் கூடாது என்று ஆனபின், மேஸ்திரி தன் கருவிகளையெல்லாம் கூட இருந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டார். தரையைத் தேய்த்து மட்டமாக்கும் மரக்கட்டை ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டார். சும்மா இருக்கிற கை யார் கழுத்தையாவது நெரிக்கத் தேடும் என்பார். யார் கழுத்து என்று சொல்லமாட்டார். மருமகள் கடைப் பாக்கெட்டில் கிரானோலாக் கட்டிகளை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு அடித்தூளை அப்படியே விடுவதைப் பார்த்த நாளில், அந்தக் கைக்கு ஒரு வேலை கிடைத்தது. அடுப்படிக்குள் நுழைந்தார்.

முதல் தடவை, ஓட்ஸ் பாக்கெட்டில் செய்முறை போட்டிருந்தபடி பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை கிளறினார். தட்டு நிறைய மணல் வந்தது. "சலிச்சு வைங்க சம்பந்தி, பூச்சு வேலைக்கு ஆகும்" என்றார் டாக்டர். இரண்டாம் தடவை கோபத்தில் தேனை ஒரு பாட்டில் கவிழ்த்தார். பாறை வந்தது. டாக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்து ஸ்பூனால் தட்டிப் பார்த்துவிட்டு, "எனக்கு கேஸ் பிடிச்சுக் குடுக்குறீங்களா? நான்தான் ரிட்டயர் ஆயிட்டேனே" என்றார்.

அந்த எரிச்சலில்தான் மேஸ்திரி சனிக்கிழமை அந்த வாக்கை விட்டது.

டாக்டர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "மிஷின் இல்லாம எனக்குக் கேட்டுச்சுன்னா, கேட்டுச்சுன்னு என் வாயாலயே சொல்றேன். கேக்கலைன்னா நீங்க இந்த அடுப்படியில கால் வைக்கக் கூடாது. அந்தக் கட்டையும் குப்பைக்குப் போகணும்." சர்க்கரை போடாத தன் ரஸ்க்கைச் சுட ஓவன் அவருக்கு முழுசாக வேண்டியிருந்தது.

மருமகள் இரண்டு பேரையும் பார்த்தாள். எட்டு மாதமாக அவள் இந்த நடுவர் வேலையைச் சம்பளமில்லாமல் பார்க்கிறாள். "நல்லதாப் போச்சு. ரெண்டுல ஒருத்தர் வெளிய போங்க, நான் நிம்மதியா ஒரு காபி போட்டுக்கறேன். மாமா, நாளைக்குப் பதினோரு மணி வரைக்கும் டைம்."

மகனுக்கு அப்பா ஒரு பக்கம், மாமனார் ஒரு பக்கம். அவன் சார்ஜர் இருந்த பக்கம் போய் உட்கார்ந்துகொண்டான்.

மேஸ்திரி சவாலை ஏற்றார். தோற்றால் மிச்சம் சோபாவும் டிவியும்தான். சோபாவில் உட்கார்ந்தபடியே காய்ந்துபோன ரிட்டயர்டு ஆட்களை அவருக்குத் தெரியும். சிலரை மெத்தையிலிருந்து பிரித்தெடுக்க உளி தேவைப்பட்டது என்று சொல்வார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் கிரானோலா செய்யவில்லை, தரை போட்டார். ஓட்ஸையும் உடைத்த பாதாமையும் பூசணி விதையையும் காய்ந்த கலவையாக முதலில் புரட்டினார். தேனும் எண்ணெயும் அளவாக ஊற்றினார். அந்தக் காலத்துச் சுண்ணாம்புச் சாந்தில் முட்டை வெள்ளைக்கரு சேர்ப்பார்கள் என்பது நினைவுக்கு வர, ஒரு முட்டையின் வெள்ளைக்கருவை நுரைக்க அடித்துச் சேர்த்தார். கலவையைத் தட்டில் கொட்டி, மரக்கட்டைக்கு பேக்கிங் தாள் சுற்றி, மூலை மூலையாக அழுத்தி இறுக்கினார். ரசமட்டம் வைத்துப் பார்த்திருந்தால் குமிழி நடுவில் நின்று அவருக்குச் சலாம் போட்டிருக்கும். குறைந்த சூட்டில் நாற்பது நிமிஷம். கரண்டி பக்கமே போகவில்லை. போட்ட தரையை எவனாவது கிளறுவானா?

தட்டை வெளியே எடுத்து மேடையில் வைத்தார். இரண்டு பக்கமும் உப்பு ஜாடிகளை நிறுத்தி, குறுக்கே பூரிக்கட்டையை வைத்து வேலி போட்டார். ஒரு தாளில் 'தொடாதே' என்று எழுதிச் சாய்த்து வைத்தார். வாசலில் நாற்காலி போட்டுக் காவலுக்கும் உட்கார்ந்தார். ஆனால் எழுபது வயதுக்காரர் எத்தனை நேரம் காவல் இருக்க முடியும்? பாத்ரூம் கூப்பிட்டது.

நாலே நிமிஷம். டாக்டர் உள்ளே வந்து, 'தொடாதே'யைப் படித்து, பூரிக்கட்டையை நகர்த்தி, தட்டின் மூலையில் ஆள்காட்டி விரலைக் குத்தினார். நாற்பது வருஷம் எதைப் பார்த்தாலும் குத்திப் பார்த்த விரல் அது. பொதபொதவென்று உள்ளே போயிற்று.

"எல்லாரும் வாங்க," என்று கூப்பிட்டார். குரலில் அப்படியொரு சந்தோஷம். "சம்பந்தி களிமண்ணு சுட்டிருக்கார். தோத்துட்டார்." சொல்லிக்கொண்டே மரக்கட்டையை எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டார்.

மேஸ்திரி வந்தார். கட்டை கிடந்த இடத்தைப் பார்த்தார். தட்டின் மூலையில் கிணறு மாதிரி இருந்த விரல் பள்ளத்தைப் பார்த்தார். அவர் போட்ட ஈரத் தரைகளில் நாய் நடந்திருக்கிறது, கோழி நடந்திருக்கிறது, ஒருமுறை மாப்பிள்ளை ஊர்வலமே நடந்திருக்கிறது. அப்போதெல்லாம் வராத கோபம் இப்போது வந்தது. எட்டு மாத மரியாதை ஒரே மூச்சில் கழன்று விழுந்தது.

"யோவ். ஈரத்துல விரல வச்சியா? நாய்க்குப் படிக்கத் தெரியாது, சரி. நீ படிச்சவன்தானே?"

"வேகாததை வேகலைன்னு சொன்னா கோவம் வருதா?"

"வெந்தாச்சு. சூட்டுல இளகித்தான் இருக்கும், ஆறினாத்தான் இறுகும். மணி பத்து இருபது. இன்னும் நாப்பது நிமிஷம் இருக்கு."

டாக்டர் மிஷினைக் கழற்றி நீல டப்பாவில் வைத்தார். 'டக்.' மருமகள் அந்த டப்பாவை வாங்கித் தன் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். "இனிமே யாரும் யாரையும் ஏமாத்தினதா சொல்ல முடியாது."

நாற்பது நிமிஷம் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து முறைத்துக்கொண்டார்கள். அந்த முறைப்பின் உஷ்ணத்தில் ஃபிரிட்ஜுக்குள் இருந்த வெண்ணெய் உருகியது. தட்டில் இருந்தது மட்டும் ஆறியது.

பதினோரு மணிக்கு மேஸ்திரி தாளின் இரு முனையையும் பிடித்துத் தூக்கினார். மொத்தமும் ஒரே பலகையாக எழுந்து வந்தது. பதித்த கல்லைத் தட்டிப் பார்ப்பதுபோல் விரல் முட்டியால் தட்டினார். 'ணங்' என்றது. உடைத்தார். விரல் பட்ட மூலை மட்டும் தூளாக உதிர்ந்தது. மற்றதெல்லாம் கட்டி கட்டியாகப் பிரிந்தது. மருமகள் ஒன்றை எடுத்துக் கடித்தாள். அந்தச் சத்தத்துக்கு மகன் போனிலிருந்து தலையைத் தூக்கினான். அவன் முகத்தை வீட்டார் முழுசாகப் பார்த்தது கல்யாண ஆல்பத்துக்குப் பிறகு அன்றுதான்.

டாக்டர் முகம் சுவர்போல் இருந்தது. "கடிச்சாச்சா? எனக்கு ஒண்ணும் கேக்கல," என்றார், மிஷின் இல்லாதபோது பேசுகிற பெரிய குரலில்.

வாக்கை விட்டது மேஸ்திரிதான். காற்றில் வருகிற சத்தம் அந்தக் காதுக்குள் எப்படிப் போகும்? குப்பைக்கூடையில் தலைகீழாகக் கிடந்த கட்டையைப் பார்த்தார். சோபா வரவேற்பறையிலிருந்து அவரைப் பார்த்தது. போகிற போக்கில் எதிரிக்கும் ஒரு வாய் கொடுத்துவிட்டுப் போவோம் என்றுதானோ என்னவோ, இருப்பதில் பெரிய கட்டியை எடுத்து டாக்டர் முன்னால் வைத்தார். வாயைக் காட்டிச் சைகை செய்தார்.

"தேன். பல்லுக்கு விஷம்," என்றார் டாக்டர். மகள் கையைக் கட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்ததும், எடுத்து, மட்டமான சரக்கு என்று சொல்வதற்கு வசதியாக முகத்தை வைத்துக்கொண்டு, கடைவாய்ப் பல்லில் வைத்துக் கடித்தார்.

தாடை நின்றுவிட்டது.

பல்லிலிருந்து தாடை எலும்புக்கும், எலும்பிலிருந்து காதின் அடிக்கும் சத்தம் மிஷினைக் கேட்காமலே போகும் என்பது பல் டாக்டருக்குத் தெரியாததா? தெரியும். டீயில் ஊறிய ரஸ்க்கையே வருஷக்கணக்காக விழுங்கியதில் மறந்துபோயிற்று. அவர் மறுபடி கடித்தார். கண்ணை மூடிக்கொண்டு மூன்றாம் தடவை கடித்தார். மருமகள் பையிலிருந்து நீல டப்பாவை எடுத்து நீட்டினாள். சமையலறைக்கு நடுவில் மழை பெய்கிறமாதிரி தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்த மனிதர், வேண்டாம் என்று அதைக் கையால் தள்ளினார்.

கட்டி தீர்ந்தது. விரல் நுனித் தூளையும் நக்கினார். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து, கூடையிலிருந்து கட்டையை எடுத்து, சட்டை நுனியால் துடைத்து, மேடைமேல் வைத்தார். மேஸ்திரியை ஏறிட்டுப் பார்க்காமல் ஓவனைப் பார்த்துச் சொன்னார்:

"தேன் ஜாஸ்தி. உப்பு பத்தல. ஆள் திமிர் பிடிச்ச ஆள்." கட்டையை இன்னொரு தரம் துடைத்தார். "கேட்டுச்சு."