சுவருக்கு அந்தப் பக்கம் போன முளை

மலையில் தீப்பிடித்தபோது என் கடல் தேங்காய் மரமும் எரிந்துபோனது. மிஞ்சியது ஒரே ஒரு காய். எங்கள் பிரலின் தீவையும் பக்கத்துத் தீவையும் விட்டால் இந்த மரம் உலகில் வேறெங்கும் தானாக வளராது. அதனால் அந்தக் காயைப் பெற்ற பிள்ளை மாதிரிப் பார்த்துப் பார்த்து, கொல்லையில் பாதி புதைத்து வைத்தேன்.

கடல் தேங்காய் கிடந்த இடத்தில் முளைக்காது. கயிறு மாதிரி ஒரு தண்டை மண்ணுக்குள் விட்டு, பத்தடி தள்ளிப் போய்த்தான் குருத்து விடும். தண்டு அறுந்தால் எல்லாம் போச்சு. இந்தச் சனியன் பிடித்த காய் எந்தப் பக்கம் தண்டு விட்டது தெரியுமா? கல் அடுக்கிய குட்டைச் சுவருக்கு அடியில், செராஃபின் வீட்டுப் பக்கம்.

செராஃபினின் பன்றி என் மரவள்ளியைத் தின்ற நாளிலிருந்து எங்களுக்குள் பேச்சு கிடையாது. நாலு வருஷம். போய்ச் சொன்னால், தன் மண்ணில் முளைப்பது தனக்கே என்று சொல்லிவிடுவான். வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

பெரிய தீவான மாஹேயில் மகள் வீட்டில் பத்து நாள் இருந்துவிட்டுத் திரும்பினால், அவன் பக்கம் சுவரை ஒட்டி நீளமாகப் புது மண். தண்ணீர்க் குழாய் போட்டிருக்கிறான். தண்டு அறுந்தே போயிருக்கும் என்று நினைத்தேன். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. நேராக அவன் வாசலுக்குப் போய், வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். தப்பு என் பேரில்தான் என்று தெரிந்ததால் இன்னும் சத்தமாகத் திட்டினேன்.

அவன் என்னைப் பன்றிக் கொட்டகைக்குப் பின்னால் கூட்டிப் போனான். அங்கே ஒரு சாண் உயரத்துக்குப் பச்சைக் குருத்து, ஈட்டி முனை போல நின்றது. பன்றி வராதபடி சுற்றிலும் கல் அடுக்கி வைத்திருந்தான்.

போன உயிர் திரும்பி வந்தது. அப்படியே மண்ணில் உட்கார்ந்து அழுதேன், வெட்கமே இல்லாமல்.

மண்வெட்டியில் தண்டு தட்டுப்பட்டதுமே அவனுக்குப் புரிந்துவிட்டதாம். அந்த இடத்தைக் கையாலேயே தோண்டி, குழாயைத் தண்டுக்கு அடியில் விட்டிருக்கிறான். அரை நாள் வேலைக்கு நாலு நாள் ஆயிற்றாம்.

"ஏன்டா எங்கிட்ட சொல்லல?" என்றேன்.

"சொன்னா நீ தோண்டி உன் பக்கம் கொண்டு போயிடுவே. அது செத்துப்போயிடும்னு பயந்தேன், ரோஸ்மே."

உண்மையைச் சொல்வதென்றால், நான் அதைத்தான் செய்திருப்பேன். சிரிப்பு வந்துவிட்டது. அவனும் சிரித்தான். பிறகு குருத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:

"இது ஆண் மரமா பொண் மரமான்னு தெரியவே இருபத்தஞ்சு வருஷம் ஆகும். அதுவரைக்குமாவது பேசிக்கிட்டு இருப்போமா?"

எனக்கு அறுபத்தொன்று, அவனுக்கு அறுபத்தெட்டு.

"இருப்போம்" என்றேன்.