நாலாவது கண்ணாடி

“என்னைப் பாருன்னா எனக்குப் பின்னாடி இருக்கிற சுவரைப் பாக்குறியே, அங்க யாரு நிக்குறா?”

“உங்களைத்தாங்க பாக்குறேன். அதை விடுங்க, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு...”

“இரு, கடைக்கு ஆள் வந்திருக்கு.”

நாலு மாதத்துக்கு முந்தைய இந்தப் பேச்சுதான், மருத்துவரின் அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்த கண்ணாடிக்கடைக்காரரின் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தது. பக்கத்தில் அவர் மனைவி, மூக்கில் நாலாவது கண்ணாடியோடு.

கண்ணில் கோளாறு என்றால் அவருக்குத் தெரிந்த ஒரே மருந்து லென்ஸ். மனைவிக்கு மாதம் ஒன்று மாற்றிப் பார்த்துவிட்டார். கடையில் அவரோடு லென்ஸ் தேய்க்கும் மச்சினன்கூடக் கிண்டலடித்தான். “கண்ணுக்கு ரெண்டு வீதம் கணக்கு சரியாப் போச்சு மாமா. அக்காவுக்கு இனி நெத்திக்கண்ணு முளைச்சாத்தான் அடுத்தது!”

அட்டையில் அவர் காட்டிய எழுத்தையெல்லாம் அவள் சரியாகத்தான் சொன்னாள். ஆனால் அவர் முகத்தை நோக்கி வரும் பார்வை மட்டும் காதைத் தாண்டி ஓடிவிட்டுத் தயங்கித் தயங்கித் திரும்பியது. பவரில் தப்பில்லை. அப்படியென்றால் தப்பு முகத்திலா? பன்னிரண்டு வருஷத்தில் அலுத்துவிட்டதா? கேட்கவும் பயம், கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

உள்ளே மருத்துவர் ஒரு கையில் பேனாவையும் மறு கையில் ஒரு விரலையும் நீட்டினார். “பேனாவைப் பாரும்மா... இப்ப விரலை.”

கண்கள் விரலைத் தாண்டிப் பாய்ந்து, பின்வாங்கி வந்து நின்றன.

“கண்ணு நல்லாத்தான் இருக்கு. பின்மண்டையில இருக்கிற சிறுமூளைதான், கண்ணு தாவும்போது எங்க நிக்கணும்னு பிரேக் போடுது. ஒரு தாவல் தப்பினா அடுத்ததைத் திருத்துறதும் அதோட வேலைதான். அங்க ரத்தம் சரியாப் போகாம ஓரிடம் கெட்டிருக்கு.”

“லென்ஸை மாத்தினா...?”

“வண்டிக்குப் பிரேக் போனா முன்கண்ணாடியையா மாத்துவீங்க? மருந்தும் பயிற்சியும் தர்றேன். மெதுவாத் தேறும்.”

வெளியே வந்தும் அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. முகத்தில் குற்றமில்லை என்று சந்தோஷப்படுவதா, மூளையில் குற்றம் என்று அழுவதா? அவளுடைய கண்ணாடியைக் கழற்றித் தன் சட்டை நுனியால் துடைத்தார், மாட்டிவிட்டார், மறுபடி கழற்றினார். இந்தப் பக்கம் நாலடி, அந்தப் பக்கம் நாலடி நடந்தார்.

“அப்ப... என் மூஞ்சி உனக்குப் பிடிக்காமப் போகலையே?”

“அட ராமா! இதுக்கா நாலு மாசமா லென்ஸ் தேய்ச்சீங்க?” அவள் எட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். சிரித்தாலும் குரல் உடைந்திருந்தது. “உங்களைத் தேடித்தாங்க கண்ணு வருது. தாண்டிப் போயிட்டுத் திரும்புறதுக்குள்ள நீங்க வேற எங்கயோ போயிடுறீங்க. ஒண்ணு கேக்கணும், ஒண்ணு கேக்கணும்னு எத்தனை தடவை வந்தேன்?”

“சரி, இப்பவாவது கேளு.”

“கொஞ்ச நேரம் அசையாம என் முன்னாடி நில்லுங்க. நான் வந்து சேர்ந்துடுறேன்.”