தணிகாசலம் வீட்டு மீட்டர்

தணிகாசலத்தின் மூக்கு உடைய வேண்டும் என்று நான் ஐந்து வருஷம் ஜெபம் பண்ணியிருக்கிறேன். ஆண்டவரிடம் இப்படியெல்லாம் கேட்கலாமா என்று போதகரிடம் கேட்டால் கூடாது என்பார். அதனால் கேட்கவில்லை. சர்ச்சில் மற்றவர்கள் மழைக்கும் பிள்ளைவரத்துக்கும் முழங்கால் போட்டார்கள். நான் அவனுக்காகப் போட்டேன்.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆரணியில், சேவூர் போகிற பக்கம் எங்கள் தெரு. அவன் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். எங்களுக்கு ஒரு பட்டுத்தறி, ஒரு குண்டு பல்பு. அவனுக்குக் கொல்லையில் பவர்லூம் ஷெட். கம்பத்தில் கொக்கி மாட்டித் திருட்டுக் கரண்டில் ஓட்டிக்கொண்டிருந்தான். தெருவுக்கே தெரியும், யாரும் வாய் திறக்கமாட்டார்கள். எழுபத்தொன்பதில் ஒரு நாள் கரண்ட் ஆபீஸ் பறக்கும் படை வந்தது. ஜீப் சத்தம் கேட்டதும் வயரை இழுத்து எங்கள் கூரைமேல் வீசிவிட்டு, "பவுல்துரை வூட்டுதுங்க, ரொம்ப நாளா நடந்துகினு இருக்குது" என்று கைகாட்டினான் பாவி.

பவுல்துரை என் அப்பா. சட்டை போடக்கூட விடாமல் அவரை ஏற்றிக்கொண்டு போனார்கள். ஒரு ராத்திரி ஸ்டேஷனில் குந்த வைத்துவிட்டு அனுப்பினார்கள். அப்பாவுக்கு எதிர்த்துப் பேச வராது. அன்றோடு பகலில் தெருவில் இறங்குவதை விட்டார், சர்ச்சுக்கு வருவதையும் விட்டார். தறிக்குழியில் இறங்கினால் இருட்டின பிறகுதான் ஏறுவார். பக்கத்து ஆரம்பப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு டீச்சரான எனக்குப் பிள்ளைகள் 'கொக்கி டீச்சர்' என்று பேர் வைத்தன. ஜெபராணி என்ற பேர் சம்பளப் பட்டுவாடா அன்று மட்டும்தான் எனக்கே ஞாபகம் வரும்.

அவனோ வளர்ந்தான். தறி நாலாச்சு, எட்டாச்சு. எங்கள் பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கழகத் தலைவரும் ஆனான். சுதந்திர தினத்துக்கு அவன் சட்டையில் பேட்ஜ் குத்துகிற வேலையை ஹெச்.எம். பிலவேந்திரன் எனக்குத்தான் கொடுப்பார். ஊக்கு இன்னும் கொஞ்சம் ஆழமாக இறங்கினால் என்ன என்று ஒவ்வொரு வருஷமும் நினைப்பேன்.

எண்பத்து நாலு மாசியில் கரண்ட் ஆபீஸிலிருந்து இரண்டு இஞ்சினியர்கள் வந்தார்கள். லோகநாதன் என்று ஒரு பெரியவர், ஆதிலட்சுமி என்று ஒரு சின்னப் பெண். கரண்டை எப்படி மிச்சம் பிடிப்பது, வெயிலிலும் சாணியிலும் எப்படி அடுப்பெரிப்பது என்று பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ச் சொல்லிக் கொடுப்பது அவர்கள் வேலை. கண்ணாடி மூடி போட்ட ஒரு கறுப்புப் பெட்டியை மைதானத்தில் வெயிலில் வைத்தார்கள். உள்ளே அரிசியும் தண்ணீரும். மத்தியானம் மூடியைத் திறந்தால் ஆவி பறக்கச் சோறு. பிள்ளைகள் விரலைச் சுட்டுக்கொண்டு தின்றன.

"நிலக்கரி ஒரு நாள் தீந்துபூடும். வெறகும் அப்டிதான். சூரியன் தீராது, பில்லும் அனுப்பாது" என்றார் லோகநாதன். "இத இன்னும் நல்லா செய்ய ஆளு வேணும். உங்கள்ல யாரு வரப் போறீங்க?"

பையன்கள் அத்தனை பேரும் கையைத் தூக்கினார்கள். கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றது. அபிதகுசாம்பாள். தணிகாசலத்தின் தம்பி மகள். அப்பா அம்மா இரண்டு பேரும் போய்ச் சேர்ந்துவிட்டதால் பெரியப்பா வீட்டில் வளர்கிறாள். வளர்கிறாள் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். பாத்திரம் தேய்ப்பாள், தறிக்கு நூல் தார் சுற்றுவாள், மிச்ச நேரத்தில் பள்ளிக்கூடம் வருவாள்.

"பொம்பளப் புள்ளைங்க இஞ்சினியரு ஆவலாங்களா?" என்று கேட்டாள்.

ஆதிலட்சுமி சிரித்தார். "நான் ஆயிட்டேனே."

"எத்தினியாவது வரிக்கும் படிக்கணும்?"

"பன்னண்டாவது முடிச்சு, அதுக்கு மேல காலேஜ்."

அபிதா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எதையோ கணக்குப் போடுகிறாள் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

போகும்போது லோகநாதன் ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தார். மீட்டர் கண்ணாடிக்குள் ஒரு தட்டு சுற்றும், அதில் சிவப்பாக ஒரு கோடு இருக்கும். ஒரு பல்பு எரியும்போது மெதுவாகவும், எல்லாம் எரியும்போது வேகமாகவும் சுற்றும். நூறு எண்ணுவதற்குள் சிவப்புக் கோடு எத்தனை தரம் வருகிறது என்று பார்த்துவர வேண்டும். அடுத்த வாரம் விழா. நன்றாகச் சொல்கிறவர்களுக்குப் பரிசு, கொடுக்கப் போவது தலைவர் தணிகாசலம்.

மறுநாள் காலை பிரேயர் மணிக்கு முன்னாலேயே அபிதா என் மேஜைக்கு வந்தாள்.

"டீச்சர், எங்க வூட்டுத் தட்டு சுத்தவே இல்ல."

"பல்பு எரிஞ்சுதா?"

"பல்பும் எரிஞ்சுது, ஷெட்டும் ஓடிகினு இருந்துது. தட்டு மட்டும் நிக்குது."

என் வயிற்றில் பால் வார்த்தாள் அந்தப் பெண். கொக்கியை விட்டவன் மீட்டருக்குள் கை வைத்திருக்கிறான் என்று எனக்கு விளங்கிவிட்டது. இவளை விழா மேடையில் ஏற்றி, கரண்ட் ஆபீஸ் ஆட்கள் முன்னால், மாலையும் கழுத்துமாக அவன் உட்கார்ந்திருக்கும்போது இதைச் சொல்ல வைத்தால் போதும். ஆண்டவர் தாமதம் பண்ணினாலும் தரமாகத்தான் பண்ணுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

"இத வூட்டுல யாருகிட்டயும் சொல்லாத. விழாவுல சொல்லு. சத்தமா சொல்லணும்" என்றேன். அவள் தலையாட்டினாள். அந்த வாரம் முழுக்க எனக்குத் தூக்கம் வரவில்லை. பசி மட்டும் நன்றாக எடுத்தது.

விழா அன்று தணிகாசலம் வெள்ளை வேட்டி சரசரக்க வந்தான். பின்னால் அபிதா அவன் குடையையும் வெற்றிலைப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். கேட்டருகில் கொஞ்சம் பின்தங்கினாள். அவன் திரும்பி, பேசிக்கொண்டிருந்த பேச்சை நிறுத்தாமலே, அவள் உச்சியில் நங்கென்று ஒரு குட்டு வைத்தான். அவள் கண்ணைக்கூட மூடவில்லை. அத்தனை பழகிப்போன தலை.

எனக்கு எங்கேயோ இடித்தது. இன்று சாயங்காலம் இந்தத் தலை அவன் வீட்டில் இருக்கும். அவன் மூக்கை நான் உடைப்பேன், அவன் இவள் மண்டையை உடைப்பான். நான் வீட்டுக்குப் போய்ச் சந்தோஷமாகச் சோறு தின்பேன். சீ, நானும் ஒரு டீச்சரா என்று இருந்தது. பேசப்போகிற பிள்ளைகளில் அபிதாவை விட்டுவிட்டேன். இப்படி ஒரு நாள் இனி என் ஆயுசில் வராது என்று தெரிந்தேதான், பல்லைக் கடித்துக்கொண்டு விட்டேன்.

வேலு வந்து அவன் வீட்டுக் கணக்கைச் சொன்னான். செல்லம்மாள் சொன்னாள். ஒவ்வொருவர் சொல்லி முடித்ததும் கைதட்ட வேண்டும் என்று ஹெச்.எம். பழக்கியிருந்ததால் பிள்ளைகள் தட்டிக்கொண்டே இருந்தன. நான் மைக்கைப் பிடித்து, "இத்துடன்" என்று ஆரம்பித்தேன்.

"டீச்சர், என் பேரை வுட்டுட்டீங்க."

அபிதா மேடைக்கு நடந்து வந்துகொண்டிருந்தாள். நான் வேண்டாம் என்று கண்ணால் காட்டினேன். அவள் என் கண்ணைப் பார்க்கவே இல்லை. மைக்கை எட்டிப் பிடித்து, "எங்க வூட்டுல எல்லாம் ஓடும்போதும் தட்டு சுத்தறதில்ல" என்றாள்.

லோகநாதன் நல்ல மனுஷன். "மீட்டர் ரிப்பேரா இருக்கும் பாப்பா, மாத்திடலாம்" என்றார்.

"ரிப்பேரு இல்ல சார். கண்ணாடி இடுக்குல பிலிம் துண்டு சொருகினா தட்டு நிக்கும், எடுத்தா சுத்தும். ஷெட் ஓட்டும்போது சொருகணும், ரீடிங் எடுக்க ஆளு வர அன்னிக்கு எடுத்துடணும். நான்தான் சொருகுறேன். பெரியப்பா வெரலு உள்ள போவாது, என் வெரலுதான் போவும்."

பிள்ளைகள் பலமாகக் கைதட்டின. இவ்வளவு நீளமாக அதுவரை யாரும் பதில் சொல்லியிருக்கவில்லை.

தணிகாசலம் சிரித்துப் பார்த்தான். "கொயந்த ஏதோ உளறுது சார்." யாரும் கூடச் சிரிக்கவில்லை. உடனே முகம் மாறி என்னைப் பார்த்தான். "சொல்லிக் குடுத்தது யாருன்னு தெரியுது. கொக்கிக்காரன் பொண்ணு வேற என்னா சொல்லிக் குடுப்பா?"

"டீச்சர் என்னியக் கூப்புடவே இல்ல பெரியப்பா. நானா வந்தேன்" என்றாள் அபிதா. பிறகு ஆதிலட்சுமி பக்கம் திரும்பினாள். "லைனைக் கட் பண்ணிடுவீங்களாக்கா?"

ஆதிலட்சுமி அவள் உயரத்துக்குக் குனிந்தார். "பயமா இருக்குதா?"

"இல்ல. கட் பண்ணுங்க. அஞ்சாவதோட நிறுத்தி ஷெட்ல போடப் போறாங்க என்னிய. பிலிம் சொருகினா ஆறாவது சேக்கறேன்னு பெரியப்பா சொன்னாரு. பொங்கலுக்கு அப்புறம் இல்லன்னுட்டாரு. ஷெட் ஓடலன்னா நான் இஸ்கோல் போலாம்."

நான் ஐந்து வருஷம் வஞ்சம் வளர்த்தேன் என்று பீற்றிக்கொண்டிருந்தேன். இந்தப் பத்து வயசுப் பெண் ஒரே வாரத்தில் அதைத் திட்டமாகவே போட்டு முடித்துவிட்டது. எனக்கே கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

சாயங்காலமே ஆதிலட்சுமி ஆட்களோடு வந்தார். மீட்டருக்குள் பிலிம் இருந்தது. ஷெட்டின் லைனைத் துண்டித்துச் சீல் வைத்தார்கள். யார் என்ன செய்தார்கள் என்று காலையில் வந்து எழுதி வாங்குவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். தெரு முழுக்க வாசலில் நின்று பார்த்தது. தணிகாசலம் வேர்த்து விறுவிறுத்து, வெறும் பனியனோடு நடுத்தெருவில் நின்றான். அப்பா நின்ற அதே இடம். பக்கத்துச் சுவரில் வருஷக்கணக்காகக் கேட்ட பவர்லூம் சத்தம் அடங்கியிருந்தது. அந்த அமைதியைச் சோற்றில் பிசைந்து தின்னலாம்போல அத்தனை ருசியாக இருந்தது எனக்கு.

அபிதாவை நான் அந்த வீட்டுக்கு அனுப்பவில்லை. எங்கள் வீட்டில் அப்பாவின் தறிக்குழி ஓரமாக உட்காரவைத்துச் சாதம் போட்டேன்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவன் வந்தான். தெருப்பக்கம் வர முகமில்லாமல் கொல்லைக் கதவைத் தட்டினான்.

"ஜெபா, சண்டைக்கு வரல. ஒரு பேச்சு பேசிட்டுப் போலாம்னு வந்தேன்" என்றான். குரல் பஞ்சாக இருந்தது. "பொண்ண அனுப்பு. காலைல அது ஒரு வார்த்த சொன்னாப் போதும். விளையாட்டுக்கு சொருகினேன், பெரியப்பாவுக்குத் தெரியாதுன்னு. கொயந்தைய யாரும் ஒண்ணும் பண்ணமாட்டாங்க. நானும் தப்பிச்சுக்குவேன்."

"எதுக்கு அனுப்பணும்?"

"அன்னிக்கு கொக்கி என்னுதுதான்னு நடுத்தெருவுல நின்னு சொல்றேன். உங்கப்பன் மேல தப்பே இல்லன்னு சொல்றேன். கற்பூரம் அடிக்கட்டுமா? நாளைக்கே சொல்றேன்."

உள்ளே தறி நின்றது. அப்பாவுக்குக் கேட்டுவிட்டது.

அந்த ஒரு வார்த்தைக்காக நான் முழங்கால் தேய்ந்திருக்கிறேன். திரும்பி அப்பாவைப் பார்த்தேன். ஐயோ, பார்த்திருக்கக் கூடாது. தறி நாடாவைக் கையில் பிடித்தபடி கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து வருஷமாகச் செத்துக்கிடந்த முகத்தில் ஒரு உயிர் வந்திருந்தது. அவருக்கு அது வேண்டியிருந்தது. என்னைவிட ஆயிரம் மடங்கு வேண்டியிருந்தது. வெயிலில் சட்டை போட்டுக்கொண்டு சர்ச்சுக்கு நடந்து போகிற ஒரு நாள் வேண்டியிருந்தது அந்த மனுஷனுக்கு.

அபிதா சாப்பிட்ட கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"நான் போறேன் டீச்சர். தாத்தாவ நல்லவர்னு சொல்லட்டும்."

சத்தியமாகச் சொல்கிறேன், போகாதே என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அப்பாதான் குழிக்குள் இருந்தபடியே கையை நீட்டி அவள் பாவாடை நுனியைப் பிடித்தார். கதவைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவள் சோற்றுத் தட்டைப் பார்த்தார்.

"உக்காரும்மா, பாதியில எழுந்திரிக்காத" என்றார். பிறகு என்னிடம், "அந்த ஆள அனுப்பிச்சுடு ஜெபா" என்றார்.

நான் தணிகாசலம் பக்கம் திரும்பினேன். பிறந்ததிலிருந்து அவனை முகத்துக்கு நேரே நீங்க, வாங்க என்றுதான் கூப்பிட்டுப் பழக்கம்.

"எங்கப்பன் திருடனாவே இருந்துட்டுப் போறாரு" என்றேன். "நீ போடா."