அண்ணன் கொடுத்த வண்டி

சாவியைத் திருப்பியதும் ‘டக்’ என்றது. சிவசங்கரி கையை எடுத்துவிட்டு, கொஞ்சம் பொறுத்து, மறுபடி திருப்பினாள். மறுபடியும் ‘டக்’. டேஷ்போர்டு விளக்குகள் பளிச்சென்று எரிந்தன. ஹாரனை அழுத்தினால் தெருமுனை டீக்கடை வரைக்கும் கேட்டது. இன்ஜின் மட்டும் அசையவில்லை.

டிக்கியில் வைக்கோல் பொதிந்து அடுக்கிய காலி பீங்கான் ஊறுகாய் ஜாடிகள் இருந்தன. புதுச்சேரிக் கடை ஒன்றுக்கு அவள் சொந்தமாகச் செய்து கொடுப்பவை. பஸ்ஸில் கொண்டுபோனால் இறக்கும்போது பாதி ஜாடிக்கு மூடி இருக்காது. நாற்பது வயதுக்கு மேல் அவள் கார் ஓட்டப் பழகியதே அந்த மூடிகளுக்காகத்தான்.

வாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்த கணவன் தமிழ்மணி நுரையைத் துப்பினான்.

"உங்கண்ணன் வண்டி இன்னிக்கும் அந்த ஒரு வார்த்தைதான் பேசுதா?"

வண்டி அவளுடைய அண்ணன் தேவநாதனுடையது. ஸ்ரீமுஷ்ணத்தில் உரக்கடை வைத்திருப்பவர். ஒன்பது வருஷம் அவர் ஓட்டிய வெள்ளி நிறக் கார் அது. ஆவணியில் புது வண்டி எடுத்தபோது இதை வெளியாளுக்குத் தள்ளிவிடாமல் தங்கைக்கே விலை குறைத்துக் கொடுத்தார். ஆவணியும் புரட்டாசியும் நன்றாகத்தான் ஓடியது. ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து இந்தத் தொல்லை. ஒரு நாள் கிளம்பும், ஒரு நாள் கிளம்பாது. அடியோடு கெட்டுப்போன வண்டியில் கோளாறைப் பிடிப்பது சுலபம். நினைத்தால் கெட்டு, நினைத்தால் சரியாகிற வண்டிதான் ஆளைச் சுற்றலில் விடும்.

பழைய காரில் ஸ்டார்ட்டர் முரண்டு பிடித்தால் எல்லோரும் எந்த வழியில் போவார்களோ, இவர்களும் அதே வழியில்தான் போனார்கள். முதலில் பேட்டரி. தெரு மெக்கானிக் ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்பச் சொன்னார். திருப்பிய கணமே லைட் அணைவதுபோல மங்கியது. பேட்டரியில் தெம்பில்லை என்று சொல்லிவிட்டார். புது பேட்டரி வந்தது. ஒரு வாரம் ஓடியது, பிறகு ‘டக்’. அடுத்தது, ஸ்பேனர் கட்டையால் ஸ்டார்ட்டரின் முதுகில் நாலு தட்டு. இது சும்மா மந்திரம் இல்லை. ஸ்டார்ட்டர் மோட்டாருக்குள் கரித் துண்டுகள் இருக்கும். சுழலும் உருளையின் மேல் அவை உரசிக்கொண்டே மின்சாரம் கொடுக்கும். தேய்ந்து குட்டையாகிவிட்டால் சரியாகத் தொடாது. தட்டினால் கொஞ்சம் இறங்கித் தொடும், வண்டி கிளம்பிவிடும். இவர்கள் வண்டியும் தட்டியதும் ஒரு முறை கிளம்பியது. அது தற்செயல் என்று யாருக்குத் தெரியும்? ஸ்டார்ட்டரைக் கழற்றிக் கொண்டுபோய்க் கரித் துண்டுகளை மாற்றினார்கள். கடை மேஜையில் வைத்து ஒயரைத் தொட்டதும் அது பம்பரமாகச் சுற்றியது. வண்டியில் திரும்ப மாட்டினார்கள். இரண்டு நாள் கழித்து, ‘டக்’.

இதற்கு நடுவே சேத்தியாத்தோப்பில் ஒரு கல்யாணம். பந்தியில் உட்கார்ந்த தமிழ்மணி, மச்சான் தனக்குக் கார் கொடுத்ததையும், கூடவே தள்ளிவிட நாலு ஆளைக் கொடுக்க மறந்துவிட்டதையும் பக்கத்து இலைக்காரரிடம் ராகம் போட்டுச் சொன்னான். வரிசையே சிரித்தது. எதிர் வரிசையில் தேவநாதன் உட்கார்ந்திருந்ததைத் தமிழ்மணி கவனிக்கவில்லை. அவர் பாயசத்தைக் குடித்துவிட்டு எழுந்துபோனார். மறுநாள் தங்கைக்குப் போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை வந்து வண்டியை எடுத்துக்கொண்டு போவதாகவும், கொடுத்த காசை அன்றைக்கே திருப்பித் தருவதாகவும் சொன்னார். தன் கையிலிருந்து போன பொருளைப் பற்றி நாலு பேர் பேசக் கூடாதாம். இவள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அவர் ஒன்று முடிவெடுத்தால் எடுத்ததுதான்.

இன்று சனிக்கிழமை. நாளைக்குக் கார் போனால் ஜாடி வியாபாரமும் கூடவே போகும்.

மத்தியானம் அவள் பாலக்கரையில் கடை வைத்திருக்கும் ராஜ்மோகனைக் கூப்பிட்டாள். வண்டிகளுக்கு ஒயரிங் வேலை மட்டும் பார்ப்பவன். தமிழ்மணி தன் கடைக்குப் போயிருந்தான். ராஜ்மோகன் எதையும் கழற்றவில்லை. பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு, இதுவரை என்னென்ன செய்தார்கள் என்று முழுவதும் கேட்டான். பிறகு ஹெட்லைட்டைப் போட்டுச் சாவியைத் திருப்பச் சொன்னான். லைட் மங்கியது.

"பேட்டரி புதுசு, லைட்டு இன்னும் மங்குது. அப்ப பேட்டரி மேல தப்பு இல்லக்கா" என்றான்.

சாவியைத் திருப்பினால் என்ன நடக்கிறது என்று அவள் கேட்டாள். அவளுக்கு அப்படித்தான், சூளையில் ஒரு ஜாடி விரிசல் விட்டால்கூட ஏன் விட்டது என்று தெரிந்தால்தான் தூக்கம் வரும். ராஜ்மோகனும் சொல்லத் தெரிந்தவன். சாவியிலிருந்து போவது சின்ன மின்சாரம். அது ஸ்டார்ட்டரின் தலையில் இருக்கும் ஒரு காந்தத்தை எழுப்பும். காந்தம் ஓர் இரும்புத் தண்டை இழுக்கும். அந்த ஒரே இழுப்பில் இரண்டு வேலை நடக்கும். ஸ்டார்ட்டரின் பல்சக்கரம் முன்னால் தள்ளப்பட்டு இன்ஜினின் பெரிய சக்கரத்தைக் கவ்வும். அதே நேரம் பேட்டரியிலிருந்து பெரிய மின்சாரத்துக்கு வழி திறக்கும். ‘டக்’ என்று கேட்பது அந்தத் தண்டு போய் முட்டுகிற சத்தம். அப்படியானால் சின்ன வேலை ஒழுங்காக நடக்கிறது. பெரிய மின்சாரம்தான் எங்கேயோ மாட்டிக்கொள்கிறது.

"போற வழி சரியா இருந்தாலும் திரும்பி வர வழியும் வேணும்ல. பேட்டரிக்குத் திரும்பி வர்றதுக்குத் தனி ஒயரு கெடையாது. வண்டி பாடியே ஒயரு."

அதில்தான் அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது. வழி அடைத்திருந்தால் ஹாரனும் லைட்டும் எப்படி வேலை செய்கின்றன? ராஜ்மோகன் கோயில் கோபுரம் இருந்த திசையைப் பார்த்துக் கையை நீட்டினான். சாதாரண நாளில் கோயிலில் ஒரு சின்ன வாசல் திறந்திருந்தாலும் வருகிறவர்கள் போய்க்கொண்டே இருப்பார்கள், யாருக்கும் வித்தியாசம் தெரியாது. மாசி மகத்தன்று அதே வாசல் ஒன்றை மட்டும் திறந்து வைத்தால் என்ன ஆகும்? லைட்டும் ஹாரனும் சாதா நாள் கூட்டம். ஸ்டார்ட்டர் மாசி மகம்.

சொல்லிவிட்டு, பையிலிருந்து விரல் தடிமன் கேபிள் ஒன்றை எடுத்தான். ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸில் மாட்டினான், மறுமுனையை நேராக இன்ஜின் இரும்பில் மாட்டினான். அவள் சாவியைத் திருப்பினாள். காலையிலிருந்து ஊமையாக இருந்த வண்டி ஒரே உறுமலில் கிளம்பியது.

"பாடிக்கு வர்ற எடத்துலதான் அடைப்பு" என்று அவன் மைனஸ் கேபிளைப் பிடித்துக்கொண்டே போனான். பேட்டரித் தட்டுக்குக் கீழே, பாடியில் ஒரு போல்ட்டில் அது முடிந்தது. போல்ட்டைச் சுற்றி ஓரம் பிசகாமல், மேடுபள்ளம் இல்லாமல், கறுப்பு எனாமல் பெயிண்ட் மின்னியது. அவன் போல்ட்டைக் கழற்றிக் கேபிளைத் தூக்கினான். அடியிலும் அதே கறுப்பு, கண்ணாடி மாதிரி. மின்சாரம் இத்தனை நாளும் போல்ட்டின் மரை வழியாகத்தான் கசிந்து கசிந்து போயிருக்கிறது. மழை ஈரத்தில் மரையும் துருப்பிடிக்கத் தொடங்க, அந்தச் சின்ன வாசலும் மூடிக்கொண்டுவிட்டது.

"நல்லா தொழில் தெரிஞ்ச கை. ஆனா கரண்டு தெரியல. பழைய ஓனர் வேலையா இருக்கும்க்கா" என்றான் ராஜ்மோகன்.

சிவசங்கரி குனிந்து போல்ட்டைப் பார்த்தாள். அந்தக் கறுப்பை அவளுக்குத் தெரியும்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் அவள்தான் பானெட்டைத் திறந்து உள்ளே துடைத்தாள். மெஷின், சைக்கிள், அரிவாள்மணை என்று எல்லாம் குளிக்கிற நாளில் வண்டி மட்டும் அழுக்காக இருக்கலாமா? அப்போதுதான் அந்தப் போல்ட்டைச் சுற்றி வட்டமாகப் பெயிண்டே இல்லாமல் வெறும் தகடு தெரிவதைப் பார்த்தாள். ஓரத்தில் லேசாகத் துரு வேறு. அவள் வேலை பார்ப்பது பீங்கான் ஃபியூஸ் கட்டை செய்யும் கம்பெனியில், சூளைக்குப் போகுமுன் தடவும் பளபளப்புப் பூச்சு வேலைக்கு மேற்பார்வை. பூச்சு விட்டுப்போன ஒரு பொட்டு கண்ணில் பட்டால் கை சும்மா இருக்காது. கணவனின் ஸ்பேனரால் போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, ஒன்றுக்கு இரண்டு கோட் அடித்து, காய விட்டு, திரும்ப முடுக்கினாள். மேலே சந்தனமும் குங்குமமும் வைத்தாள்.

அவளே கம்பெனியில் தினமும் கத்திக்கொண்டிருப்பது என்ன? அடியைத் துடை. உருப்படியின் அடியில் மட்டும் பூச்சு இருக்கக் கூடாது, இருந்தால் சூளைத் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். பூச்சு இல்லாத இடம் எல்லாம் விட்டுப்போன இடம் இல்லை, வேண்டுமென்றே விட்ட இடமும் உண்டு என்று புதிதாக வருகிற பெண்களுக்குச் சொல்லித் தருகிறவள் அவள். வண்டி செய்தவனும் அந்த வட்டத்தை வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறான்.

இதை அவள் ராஜ்மோகனிடம் சொல்லவில்லை. அவன் பெயிண்டைச் சுரண்டி, தகடு வெளுக்கத் தேய்த்து, பல் வைத்த வாஷர் ஒன்றைப் போட்டு இறுக்கி, துருப் பிடிக்காமல் இருக்க மேலே கிரீஸ் தடவினான். வண்டி எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் கிளம்பியது. போகிற வழியில் தமிழ்மணியின் கடையில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவதாகச் சொன்னான். அதற்கும் அவள் தலையை ஆட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை தேவநாதன் பஸ்ஸில் வந்து இறங்கினார். திரும்பும்போது காரை ஓட்டிக்கொண்டு போகிற எண்ணம். காபியை வாங்கிக்கொண்டு நாற்காலி விளிம்பில் உட்கார்ந்தார். பணக் கவரை மடியில் வைத்திருந்தார். தங்கையிடம் உடம்பு எப்படி இருக்குது என்றார், மாப்பிள்ளையைப் பார்த்து ஒன்றும் கேட்கவில்லை.

தமிழ்மணிக்கும் சங்கடம்தான். சரிக்கட்டுவதாக நினைத்துக்கொண்டு வாயைத் திறந்தான்.

"வண்டி சரியாயிடுச்சுங்க மச்சான். பெரிசா ஒன்னும் இல்ல. பழைய ஓனரு எர்த்து போல்ட்டுல பெயிண்ட அடிச்சு வுட்டிருக்காருன்னு ராஜ்மோகன் சொன்னான்."

பழைய ஓனர் காபித் தம்ளரைக் கீழே வைத்தார். ஒன்பது வருஷத்தில் அந்த வண்டிக்குள் தான் ஒரு பொட்டுப் பெயிண்ட் அடித்ததில்லை என்றார். குரல் உயரவில்லை. கவரை எடுத்து டீபாயின் மேல் வைத்துவிட்டுச் சாவிக்காகக் கையை நீட்டினார்.

சிவசங்கரி சாவியைக் கையில்தான் வைத்திருந்தாள். சொல்லாமல் விட்டால் கார் போகும். சொன்னால் இந்த வீட்டில் இன்னும் பத்து வருஷத்துக்கு இதே பேச்சாக இருக்கும்.

"அண்ணே, நீங்க அடிக்கல. நான்தான் அடிச்சேன். ஆயுத பூஜைக்கு."

கழற்றியது, தேய்த்தது, இரண்டு கோட், சந்தனம் வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னாள். தேவநாதன் கேட்டுக்கொண்டே இருந்தார். தமிழ்மணி முதலில் அவளைப் பார்த்தான், பிறகு மச்சானைப் பார்த்தான், பிறகு அவனால் அடக்க முடியவில்லை.

"கரண்டு போவக் கூடாதுன்னு பீங்கான் செய்யற கம்பெனில சம்பளம் வாங்கறா. வூட்டுக்கு வந்தும் அதே வேலையப் பாத்திருக்கா மச்சான். ஓவர்டைம் வேற."

தேவநாதன் சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தார். முடியவில்லை. தோள் குலுங்கிச் சிரித்துவிட்டார்.

சிரிப்பு அடங்கியதும் தமிழ்மணி அந்தக் கவரை எடுத்து, மச்சானின் சட்டைப் பையில் அவனே செருகினான். கல்யாணத்தில் பேசியது தப்புதான் என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். தேவநாதன் அதற்குப் பதில் சொல்லாமல், தள்ளுவதற்கு நாலு ஆளைக் கூட்டிவரத்தான் இருந்ததாகவும், ஞாயிற்றுக்கிழமை என்பதால் யாரும் கிடைக்கவில்லை என்றும் சொன்னார். அது போதுமாக இருந்தது.

சாவிக்கு நீட்டிய கை இன்னும் காலியாகவே இருந்தது. அவர் அதை மடக்கிக்கொண்டு எழுந்தார்.

"சரி, நீயே என்னைக் கொண்டுபோய் வூட்ல வுடு. பஸ்ஸுக்கு நிக்க முடியாது."

அவர் முன்னால் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். தமிழ்மணி தானும் வருகிறேன் என்று பின்னால் ஏறிக்கொண்டான். சிவசங்கரி பெல்ட்டை மாட்டி, கிளட்ச்சை மிதித்து, சாவியைத் திருப்பினாள். மூன்று பேரும் காது கொடுத்தார்கள். ‘டக்’ என்று தனியாக ஒரு சத்தம் கேட்கவில்லை, இன்ஜின் உறுமலுக்குள் அது கரைந்துவிட்டது.

தெருமுனை வேகத்தடையில் டிக்கியிலிருந்து ஜாடிகள் கிணுகிணுத்தன.

"மெதுவா போ, மூடி ஒடைஞ்சிடும்" என்றார் அண்ணன்.