சிப்பி மட்டும் இருக்கட்டும்

நாக்கை நீட்டச் சொன்னதும் என் மனைவி ஜெயலீலா முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். எதிரே உட்கார்ந்திருந்த சீன வைத்தியர் லியாங், ஏதோ தகாத வார்த்தை சொல்லிவிட்டோமோ என்று கலங்கிப்போய், பக்கத்தில் நின்ற தன் மனைவியைப் பார்த்தார். அந்தக் கிளினிக்கில் மொழிபெயர்ப்பு, மருந்து நிறுவை, கல்லா மூன்றுக்கும் திருமதி லியாங்தான் பொறுப்பு. "டங், டங்" என்று சொல்லி அந்த அம்மாள் தன் நாக்கையே ஒரு முழத்துக்கு நீட்டிக் காட்டினாள். ஜெயலீலா என் பக்கம் திரும்பினாள்.

"நான் என்ன சின்னப் பிள்ளையா, அந்நிய ஆம்பிள முன்னால பழிப்புக் காட்டுததுக்கு? நீங்க வேணா நீட்டுங்க."

நீட்டினேன். லியாங் ஒரு சின்ன டார்ச்சை அடித்து என் நாக்கை வெகு நேரம் பார்த்தார். ஊர் நினைப்பில் வேகவைத்த நெத்திலியைப் பார்க்கிறவர் மாதிரி அவர் முகத்தில் ஒரு சோகம் படர்ந்தது. அதற்குள் ஜெயலீலாவும் மனம் இளகி, ஆமை தலையை நீட்டுவது போல நுனியை மட்டும் காட்டி உள்ளே இழுத்துக்கொண்டாள். அவர் பார்த்தாரோ இல்லையோ, ஏதோ ஒன்றை எழுதிக்கொண்டார். அது என் நாக்கைப் பற்றிய குறிப்பாகத்தான் இருக்கவேண்டும்.

இது நடந்தது தொண்ணூற்றேழாம் வருஷம் மார்ச்சில், ஹூஸ்டனில், பெல்லேர் புலவார்டில். ஜனவரியில் வந்த காய்ச்சல் போகும்போது ஜெயலீலாவின் வாசனையையும் ருசியையும் கையோடு கொண்டுபோய்விட்டது. மல்லிக்கும் மண்ணெண்ணெய்க்கும் அவளுக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஒருநாள் உப்பே போடாமல் மீன் குழம்பு வைத்தாள். நாங்கள் மகள் வீட்டோடுதான் இருந்தோம். மருமகன் கிரிஸ் மரியாதைக்காரர், ஒவ்வொரு கவளத்துக்கும் ஒரு வாய் தண்ணீர் குடித்து முழுதும் சாப்பிட்டுவிட்டு, "சூப்பர் மாமி" என்றார். அவர் ஆஸ்பத்திரி டாக்டர். விஷயம் தெரிந்ததும், "நெர்வ்ல அடி பட்டிருக்கு, தானாவே வந்துடும். மூணு மாசமும் ஆகலாம், ஒரு வருஷமும் ஆகலாம். வெயிட் பண்ணலாம்" என்றார்.

வெயிட் பண்ண முடியாது. ஈஸ்டர் முடிந்த அடுத்த ஞாயிறு அசனம்.

அசனம் என்றால் எங்கள் பக்கத்துச் சபைகளில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் விருந்து. சோறு, ஆட்டுக்கறிக் குழம்பு, கத்தரிக்காய்க் கூட்டு. ஹூஸ்டன் தமிழ்ச் சபை ஒரு பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டு அறையை வாடகைக்கு எடுத்து அதை நடத்தும். குழம்பு ஜெயலீலா பொறுப்பு. பாஸ்டர் ஜெபம் பண்ணும்வரை அசனக் குழம்பில் ஒரு சொட்டுகூட யார் நாக்கிலும் படக்கூடாது, உப்பு பார்க்கிற சாக்கிலும் கூடாது என்பது அவள் வழக்கம். அண்டா கொதிக்கும்போது குனிந்து ஒரு மூச்சு இழுப்பாள். "இன்னும் ஒரு பிடி" என்பாள். அவ்வளவுதான். தூத்துக்குடியில் அவள் அண்டா மேல் குனிந்து மூச்சு இழுத்தால் அடுத்த தெரு அடுப்பிலும் ஆவி குறையும். நான் கண்ணால் பார்த்தது.

சபைக் கமிட்டியின் செயலாளர் வசந்தாமணிக்கு இந்த அண்டா வேலையே பிடிக்காது. "எதுக்கு ஆன்டி இந்த வயசுல ஸ்ட்ரெயின் பண்ணிக்கறீங்க? ஹில்கிராஃப்ட் ரெஸ்டாரன்ட்ல ட்ரே ட்ரேயா ஆர்டர் பண்ணிடலாம்" என்று வருஷா வருஷம் சொல்லுவாள். "ட்ரேல வந்தா அது அசனமா, பார்சலா?" என்று ஜெயலீலா வருஷா வருஷம் கேட்பாள். மூக்கு போன சங்கதி வசந்தாமணிக்குத் தெரிந்தால் மறுநாளே ட்ரே வந்து இறங்கிவிடும். அதனால்தான் மகள் ஃபெபிக்குக்கூடச் சொல்லாமல், இந்தியக் கடைக்குப் போவதாகப் புறப்பட்டு, காரை நேரே லியாங் வாசலில் நிறுத்தினேன்.

நாக்குக்குப் பிறகு நாடி. இரண்டு மணிக்கட்டிலும் மாறி மாறி மூன்று விரலை வைத்து, புல்லாங்குழல் வாசிக்கிறவர் மாதிரி ஒவ்வொன்றாக அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்றுதான் நினைத்தேன். பிறகு கேள்விகள். தாகம் எடுக்கிறதா? எடுத்தால் வெந்நீரா பச்சைத் தண்ணீரா? தூக்கம் எப்படி? வியர்வை எங்கே? கால் சூடா, குளிர்ச்சியா? கக்கூஸ் கேள்வி வந்ததும் ஜெயலீலா, "இனிமே நீங்களே சொல்லுங்க" என்று சுவரில் தொங்கிய காலண்டர் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எனக்கு ஒரு கேள்விக்கும் விடை தெரியவில்லை. ஒரே வீட்டில் இத்தனை வருஷம் இருந்தும் இந்த மனுஷி குடிப்பது வெந்நீரா பச்சைத் தண்ணீரா என்று நான் கவனித்ததில்லை. ஆனால் நான் துறைமுக ஆபீசில் வேலை பார்த்தவன். அங்கே எந்தக் கட்டத்தையும் காலியாக விட்டால் காகிதம் திரும்பி வந்துவிடும்.

கால் சூடு என்று வேக இங்கிலீஷில் சொன்னேன், காலண்டரைப் பார்த்திருந்த ஜெயலீலாவுக்கு அது எட்டவில்லை. சும்மா சூடு இல்லை, அவள் நின்ற இடத்தில் கார்ப்பெட் பழுப்பேறுகிறது, மகள் புது கார்ப்பெட் போடலாமா என்று யோசிக்கிறாள் என்றேன். திருமதி லியாங் முகத்தில் ஒரு சுருக்கமும் விழாமல் அதை அப்படியே சீனத்தில் சொன்னாள். வைத்தியர் தலையை ஆட்டி ஓர் எழுத்து எழுதினார். சின்ன எழுத்துதான், ஆனால் எனக்கு உற்சாகம் பிறந்தது. ராத்திரியில் சத்தம் போடுவாள், பக்கத்து வீட்டுக்காரன் தன் நாயை டாலஸில் இருக்கிற மச்சான் வீட்டுக்கு அனுப்பிவிட்டான் என்றேன். எழுதினார். கனவு உண்டா என்று கேட்டார். உண்டாவது! தினமும் தூத்துக்குடி மீன் ஏலத்துக்குப் போகிறாள், விலை கேட்டு, சண்டை போட்டு, மீனோடு திரும்புகிறாள், சில நாள் காலையில் அவள் கையில் செதில் ஒட்டியிருக்கிறது என்றேன். வைத்தியர் பேனாவை மாற்றிக்கொண்டு நீளமாக எழுதினார். வீட்டில் நான் ஒரு கதையை நடுவரை கொண்டுபோவதற்குள் ஆளாளுக்கு எழுந்து போய்விடுவார்கள். இப்படி ஒரு சபை எனக்கு வாய்த்ததே இல்லை.

திருமதி லியாங் மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு சுவர் முழுக்க இருந்த இழுப்பறைகளிடம் போனாள். ஆறு நாளில் கர்த்தர் படைத்ததில் பாதி அந்தச் சுவருக்குள் இருந்தது. மேஜை மேல் காகிதங்களை வரிசையாக விரித்து, ஒவ்வொரு சரக்கையும் சின்னக் கைத்தராசில் நிறுத்து, காகிதத்துக்குக் கொஞ்சமாகப் பிரித்துப் போட்டாள். ஒரு நாளைக்கு ஒரு பொட்டலம். மண்சட்டியில் மூன்று கிண்ணம் தண்ணீரை ஒரு கிண்ணமாக வற்ற வைக்கவேண்டும். அடுத்த வாரம் மறுபடி வரவேண்டும், உடம்பு மாறினால் மருந்தும் மாறும் என்றாள். நான் சொன்ன ஒவ்வொரு கதைக்கும் ஓர் இழுப்பறை திறந்து மூடியதை ஜெயலீலா கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். பெருமையாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து, அரிசியில் கல் பொறுக்குவதுபோலப் பொட்டலத்தைப் பேப்பரில் கொட்டி ஆராய்ந்தாள். அதிமதுரம் அவளுக்குத் தெரிந்த முகம். பூனைக்குட்டி வால் மாதிரி மயிர் முளைத்த மொட்டு ஒன்று, அது மூக்குக்கு என்று திருமதி லியாங் தொட்டுக் காட்டியிருந்தாள். தார் மாதிரி கையில் ஒட்டும் கறுப்பு வேர். அப்புறம், கண்ணும் காலும் அப்படியே இருக்க, உயிர் மட்டும் இல்லாத ஏதோ பூச்சிக்கூடு. கடைசியாக, வெள்ளையாக ஒரு சில்லு.

"ஏங்க, இது சிப்பில்லா?" என்றாள். "தூத்துக்குடியில கால்ல குத்துனத, பிளேன் ஏறி வந்து கஷாயம் வச்சுக் குடிக்கணுமோ?"

"வெளிநாட்டுச் சிப்பி" என்றேன்.

காய்ச்சினாள். அந்த நாற்றத்தில் சமையலறைக் கடிகாரம் பத்து நிமிஷம் பின்னால் போனது. கேஸ் லீக் என்று கிரிஸ் எல்லா ஜன்னலையும் திறந்தார். வைத்தியரிடம் போன ரகசியம் அத்தோடு போயிற்று. வீட்டிலேயே மூக்கு சுளிக்காமல் அடுப்படியில் நின்றவள் அவள் ஒருத்திதான். கறுப்புக் கஷாயத்தை மோர் மாதிரி மடமடவென்று குடித்தாள்.

"அம்மா, ஹவ் ஆர் யூ ஈவன் டிரிங்கிங் தட்?" என்றாள் ஃபெபி.

"ருசி தெரிஞ்சாத்தானட்டி கஷ்டம்."

ஒரு வாரம் ஓடியது. மூக்கில் ஒரு மாற்றமும் இல்லை. ஜெயலீலா அடுப்படியில் வெங்காயத்தை நறுக்கி முகர்ந்து பார்ப்பாள், முகத்தில் ஒன்றும் வராது, வெங்காயத்தை வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்வாள். நான் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்வேன்.

அடுத்த முறை போனபோது கைக்குட்டையில் எதையோ முடிந்துகொண்டு வந்திருந்தாள். உட்கார்ந்ததும் அதை அவிழ்த்து, பூச்சிக்கூட்டை எடுத்து மேஜை மேல் வைத்தாள். "திஸ், ஒய்?"

"நைட் டைம் யூ ஷவுட்" என்றாள் திருமதி லியாங். "டாக் கோ டாலஸ்."

ஜெயலீலா கறுப்பு வேரை எடுத்து வைத்தாள்.

"ஹாட் ஃபீட். கார்ப்பெட் பர்ன்."

ஜெயலீலா மெல்ல என் பக்கம் திரும்பினாள். "மருந்துல முக்காவாசி உங்க புளுகுதானா? ஒரு வாரமா உங்க வாயத்தான் காய்ச்சிக் குடிச்சேனாக்கும்? எந்திரிங்க. வெளிய போயி இருங்க."

வெளி பெஞ்சுக்கும் உள்ளுக்கும் நடுவே ஒரு மணித் திரைதான். அவளுக்கு இருக்கிற இங்கிலீஷை வைத்துக்கொண்டு எல்லாக் கேள்விக்கும் அவளே பதில் சொன்னாள், கக்கூஸ் கேள்வி உட்பட. பச்சைத் தண்ணீர் அவள் தொடுவதே இல்லையாம். கால் எப்போதும் பனிக்கட்டியாம், அதனால் படுக்கும்போது என் சாக்ஸை எடுத்துப் போட்டுக்கொள்கிறாளாம். சாக்ஸ் காணாமல் போவதற்கு ஃபெபியின் டிரையரைத்தான் இவ்வளவு நாளும் திட்டிக்கொண்டிருந்தேன். விடியும் முன்னே முழிப்பு வந்து, என்னை எழுப்பவேண்டாமென்று சும்மா உட்கார்ந்திருப்பாளாம். அதைத் தொடர்ந்து, "ஆ..." என்று வைத்தியர் குரல், புதையலைக் கண்டவன் குரல் மாதிரி. முழு நாக்கையும் காட்டிவிட்டாள் போல. நான்கூட இதுவரை பார்த்ததில்லை.

திரை இடுக்கில் பார்த்தேன், வைத்தியர் பழைய சீட்டில் கோடு கோடாக அடித்தார். திருமதி லியாங் சுவர்ப் பக்கம் வந்து, பூச்சிக்கூட்டு இழுப்பறையைத் திறக்காமலே தாண்டினாள். கறுப்பு வேரையும் தாண்டினாள். கால் குளிருக்குப் பட்டை போல ஒரு குச்சியைப் புதிதாக நிறுத்தாள். சிப்பி இழுப்பறையில் கை வைத்து, என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, ஜெயலீலாவைக் கேட்டாள். "ட்ரீம்? ஃபிஷ் மார்க்கெட்? பை ஃபிஷ், கோ ஹோம்? ஆல்சோ நோ?"

ஜெயலீலா கைக்குட்டையில் மிச்சமிருந்த வெள்ளைச் சில்லை விரலால் புரட்டிக்கொண்டிருந்தாள். பிறகு தமிழிலேயே சொன்னாள்.

"அது மட்டும் இருக்கட்டும்."

அந்த அம்மாளுக்கு எப்படிப் புரிந்ததோ, சிப்பியை அள்ளித் தராசில் போட்டாள்.

காரில் ஏறி இரண்டு சிக்னல் தாண்டும்வரை பொறுத்தேன். "சிப்பி எதுக்கு?"

"ரோட்டப் பாத்து ஓட்டுங்க."

இன்னொரு சிக்னல் போனது. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டாள். "ஏலத்துலருந்து மீனோட வாரேன்னு சொன்னியள்லா. என்ன மீனுன்னு சொன்னிய?"

அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனாலும் கட்டத்தைக் காலியாக விட மனம் வரவில்லை. "சீலா" என்றேன்.

"சீலாவா! அந்த வெலைக்கு நான் எந்தக் காலத்துல சீலா எடுத்திருக்கேன்?" என்றாள். "பாறை. எப்பவும் பாறைதான்."

என் வாழ்நாளில் நான் சொன்ன பொய் ஒன்று எனக்குத் தெரியாமலே உண்மையாக இருந்தது அந்த ஒரு தடவைதான். கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

புது மருந்தை அடுத்த வாரம் முழுக்கக் குடித்தாள். வெங்காயம் பேசவில்லை. அசனத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை மத்தியானம் வசந்தாமணி ஃபோன் பண்ணினாள். "ஆன்டி, அண்டாவா ட்ரேயா? ஈவினிங்குள்ள கன்ஃபர்ம் பண்ணணும்னு ரெஸ்டாரன்ட்ல கேக்கறாங்க." ஜெயலீலா, "சாயந்திரம் சொல்லுதேன்மா" என்று வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, "கார எடுங்க" என்றாள்.

லியாங் நாடி பார்த்தார், நாக்கு பார்த்தார். இந்தத் தடவை அவர் கேட்கும் முன்பே நீட்டினாள். சீட்டில் இரண்டு சரக்கைக் கூட்டி ஒன்றைக் குறைத்து, "ஸ்லோ, ஸ்லோ" என்று தானே இங்கிலீஷில் சொன்னார். ஸ்லோவுக்கு ஞாயிற்றுக்கிழமை காத்திருக்காது. திரும்பும்போது பொட்டலங்களை மடியில் வைத்துக்கொண்டு, "பரவால்ல, ட்ரேயே வரட்டும்" என்றாள். சொல்வதற்கு என்னிடம் கதை ஒன்றும் இல்லை. காருக்குள் புழுக்கமாக இருந்ததால் கண்ணாடியை இறக்கினேன்.

கொஞ்ச தூரம் போனதும் என் முழங்கையைப் பிடித்தாள்.

"மெதுவாப் போங்க."

"ஏன்?"

"யாரோ மீன் பொரிக்காவ."

நான் மூச்சை இழுத்துப் பார்த்தேன். எனக்குக் கார்ப் புகைதான் தெரிந்தது. பின்னால் ஒரு பிக்கப் ஹாரன் அடித்தது.

"மீனா? இங்கயா? சும்மா தோணும்..."

"பேசாதிய. பேசுனா போயிரும்." தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டாள். காற்றில் அவள் நரைமுடி கொண்டையை விட்டுப் பிரிந்து பறந்தது. "வலது பக்கம். வலது பக்கம்னா. உள்ள போங்க."

ஒரு கடை வளாகத்தின் பார்க்கிங்கில் நுழைந்தேன். சலவைக் கடை, டோனட் கடை. யாரும் மீன் பொரிப்பதாகத் தெரியவில்லை. ஜெயலீலா கையை வெளியே நீட்டி, கப்பலைத் துறைக்குள் கொண்டுவருகிறவள் மாதிரி விரலால் இன்னும், இன்னும் என்று காட்டிக்கொண்டிருந்தாள். மடியிலிருந்த பொட்டலங்கள் சரிந்து காலடியில் விழுந்ததைக் கவனிக்கவில்லை. நான் பெடலில் கால் படாமல் வண்டியை ஊர விட்டேன்.

"உப்பு கொறச்சலு" என்றாள், கண்ணைத் திறக்காமல். "ஒரு பிடி போடணும். அந்தா, அந்தப் பக்கமா."

முன்னால் ஒரு டயர் கடை. அதற்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியாது. இண்டிகேட்டரைப் போட்டேன்.